கண்டோலிம் பீச் ரோட்டில் ஒரு பழைய கலகம்

மூணு நாள் சேர்ந்தாப்போல லீவு கிடைச்சா போதும், புனேவுல இருக்கிற நம்ம மக்களோட வண்டி தானா கோவா பக்கம் திரும்பிடும். இந்த முறை நாங்களும் கிளம்பினோம். இட்லி, மிளகாய்ப்பொடி கட்டிக்கிட்டு விடிகாலை 5 மணிக்கு விட்ட வண்டி கோலாப்பூர், அம்போலி மலைப்பாதை, சாவந்த்வாடின்னு போய் மத்தியானத்துக்கு மேல பத்ராதேவியைத் தொட்டது. அங்கேதான் கோவா எல்லை. ரோட்டோரமா ஒரு தியாகிகள் நினைவிடம் இருக்கு. 1955 ஆகஸ்ட் 15 அன்னிக்கு, கோவாவுக்கு விடுதலை கேட்டு கையில ஆயுதம் இல்லாம எல்லையைத் தாண்டினவங்களைப் போர்ச்சுகீசியர்கள் சுட்டாங்க. பலர் செத்துப் போனாங்க.

"நமக்கு 1947லயே சுதந்திரம் வந்துடுச்சுன்னு சொன்னியேப்பா?"ன்னு கேட்டா மகள். கோவாவுக்கு வந்தது 1961 டிசம்பர் 19ல. சுமார் 450 வருஷ ஆட்சியை நம்ம ராணுவம் ரெண்டு நாள்ல முடிச்சு வெச்சது.

மாப்சா தாண்டி கலங்கூட், அதை ஒட்டியே கண்டோலிம். சினிமாவுல பார்க்கிற கோவா இதுதாங்க. ரெண்டு பக்கமும் ஹோட்டல், முந்திரிக்கடை, வாடகை ஸ்கூட்டர். வண்டி நகரவே இல்லை. நெரிசல்ல உட்கார்ந்துகிட்டே பொண்ணுக்கு இந்தக் கதையைச் சொன்னேன்.

பிரெஞ்சுப் புரட்சிக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1787ல, இதே கண்டோலிம்ல பிண்டோ குடும்பத்து வீட்டுல கூடிக் கூடிப் பேசி ஒரு கலகத்துக்குத் திட்டம் போட்டாங்க. போட்டவங்க வேற மதமோ, வேத்து ராஜாவோட ஆளுங்களோ இல்லை. கிறிஸ்தவப் பாதிரியார்கள், போர்ச்சுகீசியப் படையிலயே இருந்த உள்ளூர் அதிகாரிகள். அவங்க குறை என்ன தெரியுமா? எவ்வளவு படிச்சாலும் மண்ணின் மைந்தனுக்கு மேல்பதவி கிடையாது, அது வெள்ளைத்தோலுக்கு மட்டும்தான். கோட்டோ, கொன்சால்வ்ஸ்னு ரெண்டு பாதிரியார்கள் லிஸ்பன் வரைக்கும் போய் முட்டிப்பார்த்து வெறுங்கையோட திரும்பினாங்க. அப்புறம்தான் கலகம்ங்கிற எண்ணமே வந்தது.

திட்டம் முன்கூட்டியே வெளியே தெரிஞ்சுபோச்சு. 47 பேர் கைது. அதுல 17 பேர் பாதிரியார்கள். 1788ல 15 பேரைக் கொடூரமாக் கொன்னாங்க. பாதிரியார்களைத் தூக்குல போடத் தயங்கி, லிஸ்பனுக்குக் கப்பலேத்தி விசாரணையே இல்லாம வருஷக்கணக்கா அடைச்சு வெச்சாங்க.

இதே ஊர்ல 1756ல பிறந்தவர்தான் அபே ஃபாரியா. 15 வயசுல அப்பாவோட லிஸ்பன் போனவர். கலகத்துல அப்பாவுக்கும் மகனுக்கும் பங்கு இருக்குன்னு சந்தேகம் எழுந்தது. 1788ல பிரான்சுக்குப் போயிட்டார். ஹிப்னாடிசம் யாரோ வெளியில இருந்து செலுத்துற காந்த சக்தி இல்லை, தூங்குறவரோட மனசுலதான் எல்லாம் நடக்குதுன்னு முதல்ல சொன்னவங்கள்ல ஒருத்தர். 'மாண்டி கிறிஸ்டோ' நாவல்ல சிறைக்குள்ள வர்ற பாதிரியாருக்கு டூமா வெச்சது இவர் பேரைத்தான்.

அவரைப் பத்தி கோவாவுல வாய்வழியா ஒரு கதை உண்டு. லிஸ்பன்ல ராணி முன்னாடி பிரசங்கம் பண்ண மேடை ஏறினவருக்கு நாக்கு ஒட்டிக்கிச்சாம். கீழே இருந்து அப்பா மெதுவா கொங்கணியில, "காத்தர் ரே பாஜி"ன்னாராம். இவங்கல்லாம் வெறும் காய்கறிதான், நறுக்கித் தள்ளுடான்னு அர்த்தம். அவ்வளவுதான், பேச்சு வெள்ளமா வந்துச்சாம்!

கதை முடியவும் அகுவாடா கோட்டை வரவும் சரியா இருந்தது. 1612ல கட்டி முடிச்சது. 'அகுவா'ன்னா தண்ணி. கப்பல்கள் இங்கே நின்னு குடிதண்ணி நிரப்பிக்கிட்டுப் போகுமாம். கீழே கடலை ஒட்டி ஜெயில். 1946ல பிடிபட்ட டி.பி.குன்ஹாவை இங்கே அடைச்சுட்டுத்தான் போர்ச்சுகலுக்கு நாடு கடத்தினாங்க. 2015 வரைக்கும் ஜெயிலாவே இருந்தது, 2021ல அருங்காட்சியகம் ஆயிடுச்சு. கூப்பிடு தூரத்துல, 1974ல வந்த நட்சத்திர ஹோட்டல். ஒரே கடல்தான். ஒருத்தருக்கு அது காசு கொடுத்துப் பார்க்கிற காட்சி, இன்னொருத்தருக்குக் கம்பிக்கு அப்பால கிடந்த விடுதலை.

திரும்பி வரும்போது மகள் கேட்டா: "அவரு அப்பா ஏன் போர்ச்சுகீஸ்ல சொல்லல?" நாங்க தமிழ்ல கேட்டா மராத்தியில பதில் சொல்ற பொண்ணு, இந்தக் கேள்வியைத் தமிழ்லயே கேட்டா. "பயந்துபோன பிள்ளைகிட்ட வேற எந்த பாஷையில பேச முடியும்?"னேன். அவ பதில் சொல்லலை. அம்போலி மலைப்பாதையில மூடுபனி இறங்க ஆரம்பிச்சிருந்தது.

அடுத்த தடவை கண்டோலிம் நெரிசல்ல மாட்டினீங்கன்னா ஹாரன் அடிக்காதீங்க. பிள்ளைங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்க. தமிழ்லயே சொல்லுங்க.