மனுவேல் டி ஃபாயா

மனுவேல் டி ஃபாயா (23 நவம்பர் 1876 – 14 நவம்பர் 1946) ஸ்பெயின் நாட்டு இசையமைப்பாளர். அல்பேனிஸ், கிரனாதோஸ் ஆகிய ஸ்பானிய இசையமைப்பாளர்கள் இருவருக்கும் இளையவர். அவர்களோடு சேர்த்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானிய இசைக்கு ஐரோப்பிய அரங்குகளில் இடம் பிடித்துக் கொடுத்தவராக மதிக்கப்படுபவர். ‘நெருப்புச் சடங்கு நடனம்’ என்ற சில நிமிடத் துண்டு ஒன்றே அவர் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது. ஆனால் அவர் எழுதியவற்றைக் காலவரிசையில் கேட்டால், ஆரவாரத்தில் தொடங்கி, வாத்தியங்களையும் சுரங்களையும் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரே ஒரு பெரும் படைப்பை முடிக்க முடியாமல் தவித்த மனிதர் தென்படுகிறார்.

அந்தலூசியாவின் கடற்கரை நகரமான காதிஸில் பிறந்தார். தந்தை வணிகர். பியானோ வாசிக்கத் தெரிந்த தாயே முதல் ஆசிரியர். வணிகம் நொடித்துப்போனதால் குடும்பம் மாட்ரிட்டுக்குக் குடிபெயர்ந்தது. மாட்ரிட் இசைக் கல்லூரியில் ஹோசே திராகோவிடம் பியானோ கற்றுத் தேறினார். வீட்டுச் செலவுக்காகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அன்று கூட்டம் கூட்டிய சர்சுவேலா எனும் ஸ்பானிய இசை நாடகங்களுக்கும் இசை எழுதினார். அவற்றில் ஒன்று 1902இல் மேடையேறியது, காசு வரவில்லை. அந்த ஆண்டுகளில் உருப்படியாக நடந்தது, ஃபெலிப்பே பெத்ரெல் என்ற கத்தலோனிய அறிஞரிடம் பாடம் கேட்டதுதான். ஸ்பெயினின் பழைய தேவாலய இசையையும் நாட்டுப்பாடல்களையும் ஏடு ஏடாகத் தொகுத்தவர் பெத்ரெல். நாட்டுப்பாடலின் மெட்டை எடுத்து ஒட்டுவதைவிட அதன் தாளமும் சுர அமைப்பும் எப்படிப் பிறந்தன என்று பார்ப்பதே முக்கியம் என்ற எண்ணம் ஃபாயாவிடம் ஊன்றியது அங்கேதான்.

1905இல் ‘குறுகிய வாழ்வு’ என்ற ஓபராவுக்கு மாட்ரிட்டின் சான் ஃபெர்னாந்தோ நுண்கலைக் கழகம் பரிசு தந்தது. கிரனாதா நகரின் ஜிப்சிக் குடியிருப்பில் நடக்கும் கதை அது. அதை எழுதும்போது அவர் கிரனாதாவைக் கண்ணால் பார்த்திருக்கவில்லை. பரிசு கிடைத்தும் மாட்ரிட்டில் எந்த அரங்கமும் அதை எடுக்க முன்வரவில்லை. 1907இல் கையெழுத்துப் பிரதியோடு பாரிஸுக்குக் கிளம்பினார்.

பாரிஸில் ஏழு ஆண்டுகள் தங்கினார். இசையமைப்பாளர் பால் துக்கா அந்த ஓபராவைப் பியானோவில் வாசிக்கச் சொல்லிக் கேட்டு ஊக்கம் கொடுத்தார். தெபுஸி, ரவேல், அல்பேனிஸ் ஆகிய இசையமைப்பாளர்களும் நண்பர்களானார்கள். வாத்தியங்களின் நிறங்களை எப்படி அடுக்குவது, ஒரு சுரக்கூட்டைத் தீர்வுக்குக் கொண்டுவராமல் எப்படி மிதக்கவிடுவது என்பதெல்லாம் அவர்களிடமிருந்து வந்தவை. ஓபரா ஒருவழியாக 1913 ஏப்ரலில் நீஸ் நகரில் அரங்கேறியது; அடுத்து பாரிஸிலும் நடந்தது. ‘ஸ்பானிய நாட்டுப்பாடல்கள் ஏழு’ என்ற தொகுப்பும் பாரிஸ் நாட்களின் இறுதியில் எழுதப்பட்டதே. பாடகருக்கு ஊர் மெட்டை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டு, பியானோவின் இடது, வலது கைகளில் கிதாரின் மீட்டலை எழுதியிருப்பார். பாடகர்கள் இன்றும் மேடையில் விரும்பி எடுக்கும் தொகுப்பு.

முதல் உலகப் போர் மூண்டதும் 1914இல் மாட்ரிட் திரும்பினார். அடுத்த ஐந்து ஆண்டுகளில்தான் அவருக்குப் பெயர் தந்த படைப்புகள் வந்தன. ‘மாயக் காதல்’ 1915 ஏப்ரலில் லாரா அரங்கில் மேடையேறியது. ஜிப்சி நடனக் கலைஞர் பாஸ்தோரா இம்பேரியோவுக்காக எழுதப்பட்டது. இறந்த காதலனின் ஆவி பின்தொடரும் பெண்ணின் கதை. கதை வசனத்துக்கு கிரெகோரியோ மார்த்தினேஸ் சியெர்ரா பெயர் போடப்பட்டது. எழுதியவர் அவருடைய மனைவி மரியா லெஹாராகா என்பது பிற்பாடு தெளிவானது. முதல் மேடையேற்றம் பெரிதாக எடுபடவில்லை. ஃபாயா விடாமல் திருத்தி, வாத்தியக் குழுவை மாற்றி, 1925இல் பாரிஸில் பாலேயாக்கினார். அதன் ‘நெருப்புச் சடங்கு நடன’த்தை ஆர்தர் ரூபின்ஸ்டைன் கச்சேரிதோறும் பியானோவில் வாசித்துப் பிரபலமாக்கினார்.

‘ஸ்பெயினின் தோட்டங்களில் இரவுகள்’ 1916இல் வந்தது. தனிப்பியானோவுக்கென்று தொடங்கியதை, பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து பேசும்படி மாற்றினார். பியானோ தலைமை தாங்காது, குழுவுக்குள்ளேயே கரைந்து நிற்கும்.

1919 ஜூலை 22இல் லண்டனின் அல்ஹாம்ப்ரா அரங்கில் தியாகிலேவின் ரஷ்ய பாலே குழு ‘மூன்று முனைத் தொப்பி’யை அரங்கேற்றியது. நடன அமைப்பு மாசீன், காட்சியும் உடையும் பிகாசோ, குழுவை நடத்தியவர் அன்செர்மே. கிண்டலுக்கும் குறைவில்லை: கதைநாயகனான மில்காரனைக் கைதுசெய்யக் காவலர்கள் கதவைத் தட்டும் இடத்தில் பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கம் எட்டிப்பார்க்கும். அன்று மாலை தாய் கவலைக்கிடமாக இருப்பதாகத் தந்தி வந்ததால், அரங்கேற்றத்தைப் பாராமலே ஃபாயா ஊருக்குக் கிளம்பினார். போய்ச் சேருமுன் தாய் இறந்துவிட்டார். சில மாதங்களுக்கு முன்தான் தந்தையையும் இழந்திருந்தார்.

பெற்றோர் இருவரும் போனபின், திருமணம் செய்துகொள்ளாத ஃபாயா, தங்கை மரியா தெல் கார்மெனுடன் கிரனாதாவுக்கு வந்து, அல்ஹாம்ப்ரா கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வெள்ளை வீட்டில் குடியேறினார். தெபுஸியின் நினைவாக 1920இல் கிதாருக்கு ஒரு துண்டு எழுதினார். மூன்று நிமிடம் போல வரும், அவ்வளவுதான். ஹபனேரா தாளத்தில் கால் இழுத்து நடக்கும் இந்த இரங்கற்பாவின் முடிவில், கிரனாதாவைப் பற்றி தெபுஸி எழுதிய பியானோத் துண்டிலிருந்து சில சுரங்கள் வந்து மறையும். தெபுஸியும் கிரனாதாவைப் பார்க்காமலே அதை எழுதியவர் என்பது ஃபாயாவுக்குத் தெரியும். கிதாருக்கென்று ஃபாயா தனியாக எழுதியது இது ஒன்றே. 20ஆம் நூற்றாண்டின் கிதார் இசைக்கு வழி திறந்ததில் இதற்குப் பெரிய பங்குண்டு.

1922 ஜூன் 13, 14 நாட்களில் அல்ஹாம்ப்ராவில், ஃபிளமெங்கோ இசையைச் சேர்ந்த காந்தே ஹோந்தோ எனும் ஆழ்குரல் பாடலுக்கு ஒரு போட்டி நடந்தது. கவிஞர் லோர்காவும் ஃபாயாவும் முன்னின்று நடத்தியது. உணவு விடுதிகளில் காசுக்குப் பாடப்பட்டுவந்த ஃபிளமெங்கோ நீர்த்துவிட்டது என்பது ஃபாயாவின் கவலை. அதனால் தொழில்முறைப் பாடகர்கள் போட்டிக்கு அனுமதிக்கப்படவில்லை. எல் தெனாசாஸ் என்ற முதியவரும், பிற்காலத்தில் மனோலோ கரகோல் என்று புகழ்பெற்ற சிறுவனும் பரிசு பெற்றார்கள். போட்டியையொட்டி ஃபாயா எழுதிய சிறுநூல், இந்தப் பாடல்முறைக்கு பைசாந்தியத் தேவாலய இசை, அரேபியர், ஜிப்சிகள் என மூன்று வேர்கள் சொல்கிறது. அரைச்சுரத்தைவிட நுண்ணிய இடைவெளிகள், ஒரே சுரத்தைச் சுற்றிச் சுழலுதல், சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லுதல் ஆகியவற்றில் இந்திய இசையின் சாயலையும் காண்கிறது. கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அவர் சொல்வது விளங்கும். தூய்மை வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்தை ஏற்பதுதான் சிரமம்: ஃபிளமெங்கோவைக் கட்டிக் காப்பாற்றியவர்களில் அதை வைத்துப் பிழைத்தவர்களும் அடக்கம்.

அதற்குப் பிறகு அந்தலூசியாவின் வண்ணம் அவருடைய இசையிலிருந்து மெல்ல விலகியது. ‘பேதுரு எஜமானரின் பொம்மலாட்டம்’ (1923) தோன் கிஹோத்தே நாவலின் இரண்டாம் பாகத்தில் வரும் பொம்மலாட்டக் காட்சி. தையல் இயந்திர நிறுவனக் குடும்பத்தில் பிறந்த பொலிஞ்ஞாக் இளவரசி கேட்டு எழுதியது; பாரிஸில் அவருடைய மாளிகையில் பொம்மைகளைக் கொண்டு நடந்தது. கதை சொல்லும் சிறுவன் தெருவில் கூவி விற்பவரின் குரலிலும் தேவாலய ஓதலின் நடையிலும் ஒரே மூச்சில் பாடுவான். ஹார்ப்சிகார்ட் வாசித்தவர் வாண்டா லாண்டோவ்ஸ்கா.

லாண்டோவ்ஸ்காவுக்கென்றே எழுதப்பட்டது ஹார்ப்சிகார்ட் கன்செர்ட்டோ; 1926 நவம்பரில் பார்சிலோனாவில் அரங்கேறியது. வாத்தியங்கள் மொத்தம் ஆறே: ஹார்ப்சிகார்ட், புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், வயலின், செல்லோ. 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியப் பாட்டொன்றின் மெட்டுத் துண்டுகள் முதல் பகுதியில் கூர்கூராக மோதும். நடுப்பகுதி ஊர்வலம் போல நகர்கிறது; ஏட்டில் நற்கருணைத் திருவிழாவின் பெயரையும் ஆண்டையும் ஃபாயா லத்தீனில் எழுதிவைத்தார். அவருடைய சுரக்கூட்டுகளுக்கு அடிப்படை, லூயி லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒலியியல் நூல். ஒரு சுரம் ஒலிக்கும்போது அதனுள்ளேயே எழும் மேற்சுரங்களைத் தனித்தனி வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதே ஃபாயா கண்ட வழி. ஆறு பேர் வாசிப்பது இவ்வளவு பெரிதாக முழங்குவது அதனால்தான். இதுவே அவருடைய தலைசிறந்த படைப்பு என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. கச்சேரிகளில் இதைக் கேட்கக் கிடைப்பது அரிது.

1927 முதல் ‘அத்லாந்திதா’ என்ற பெரும் படைப்பில் மூழ்கினார். ஜசிந்த் வெர்தகேரின் கத்தலான் காவியத்தைத் தழுவியது. அத்லாந்திஸ் கண்டம் கடலில் மூழ்குவதும் கொலம்பஸ் புறப்படுவதும் அதில் உண்டு. உடல்நிலை ஒருபுறம், தானே போட்டுக்கொண்ட கறாரான அளவுகோல் மறுபுறம். பக்கங்கள் எழுதப்பட்டு அழிக்கப்பட்டன. 1936 ஆகஸ்டில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், கிரனாதாவில் லோர்கா கைதானார். ஆழ்ந்த கத்தோலிக்கரான ஃபாயா, நோயோடு நேரில் போய்க் கேட்டும் பயனில்லை. கவிஞர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

போர் முடிந்த 1939ஆம் ஆண்டு கச்சேரி நடத்தும் அழைப்பை ஏற்று அர்ஜென்டினா போனார், திரும்பவில்லை. ஃபிராங்கோ அரசு ஓய்வூதியம் தருவதாகச் சொல்லி அழைத்தும் மறுத்துவிட்டார். கோர்தோபா மலைப்பகுதியின் அல்தா கிராசியாவில், எழுபது வயது நிறைய ஒன்பது நாள் இருக்கையில் இறந்தார். உடல் காதிஸுக்குக் கொண்டுவரப்பட்டுப் பேராலயத்தின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டது. பிற்பாடு அதே அரசு 1970ஆம் ஆண்டுத் தேதியிட்ட நூறு பெசேத்தா நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது.

‘அத்லாந்திதா’வை அவருடைய மாணவர் எர்னெஸ்தோ ஹால்ஃப்டர் நிறைவு செய்தார். 1961இல் பார்சிலோனாவில் கச்சேரியாகவும், 1962இல் மிலானின் லா ஸ்காலாவில் மேடை நாடகமாகவும் அது நிகழ்ந்தது. ஹால்ஃப்டர் அதன்பிறகும் அதைத் திருத்தி, 1976இல் லூசெர்னில் சுருக்கிய வடிவமொன்றை வெளிக்கொணர்ந்தார். எந்த இடத்தில் ஆசிரியர் முடிகிறார், எந்த இடத்தில் மாணவர் தொடங்குகிறார் என்ற கேள்வி ஒவ்வொரு முறை மேடையேறும்போதும் எழுகிறது.