காசிமேட்டு ஷாஃப்ட் டூல் போஸ்ட் ஆன கதை

ஏப்ரல் 15 பிறந்தால் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. சென்னை காசிமேட்டில் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறும். பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, இன்ஜினைப் பிரித்துப் போடுவது எல்லாம் இந்த இரண்டு மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும். இன்ஜினிலிருந்து புரொப்பல்லர் வரை போகும் ஷாஃப்டையும் அப்போதுதான் உருவிப் பார்ப்பார்கள். புஷ்ஷில் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்தால் அது படகுக்கு ஆகாது; காயலான் கடைக்குப் போய்விடும். அப்படி ஒதுங்கிய ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டின் துண்டு ஒன்று, 50 மி.மீ. விட்டம், எடை விலைக்கு என் கைக்கு வந்தது. இன்று அது என் மேஜை லேத்தில் டூல் போஸ்டாக நிற்கிறது.

டூல் போஸ்ட் என்பது லேத்தில் வெட்டும் டூலைப் பிடித்துக்கொள்ளும் பாகம். ஒரு காலத்தில் அந்த வேலையைக் கடைசல்காரரின் கைதான் செய்தது. ஒரு தாங்கியில் உளியை ஊன்றி, தோள்பலத்தால் அழுத்திக் கடைவார்கள். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஹென்றி மாட்ஸ்லே, திருகால் நகரும் இரும்புத் தாங்கியில் டூலை இறுக்கிப் பிடிக்கும் லேத்தைச் செப்பமாகச் செய்து காட்டினார். ஒரே அளவில் நூறு திருகுகள் வெட்ட முடிந்தது அதன் பிறகுதான். இயந்திரம் செய்யும் இயந்திரங்களின் வரலாறே டூலை எவ்வளவு உறுதியாகப் பிடிக்கிறோம் என்பதில் தொடங்குகிறது.

நம் ஊர் லேத்துகளில் பெரும்பாலும் இருப்பது நான்கு பக்கமும் டூல் மாட்டும் சதுர போஸ்ட். உறுதியானது, ஆனால் உயரத்தைக் கூட்டிக் குறைக்க அதில் வழியில்லை. டூலின் முனை, சுழலும் இரும்பின் மையத்துக்குச் சரி மட்டத்தில் நிற்க வேண்டும். மேலே போனால் முனைக்குக் கீழுள்ள பகுதி இரும்பில் உரசும், வெட்டாது. கீழே இறங்கினால் முகப்பைச் சீவும்போது நடுவில் ஒரு மொட்டு மிஞ்சும்; துண்டிக்கும் பார்ட்டிங் டூலாக இருந்தால் இரும்பு அதன் மேல் ஏறி டூலை ஒடித்துவிடும். அதனால்தான் பட்டறைக்கு வரும் புதுப் பையனிடம் ‘சென்டர் பாத்தியாடா?’ என்று கேட்டபடியே இருப்பார்கள். டூலுக்கு அடியில் தகடு வைத்து, எடுத்து, மறுபடி வைத்து மட்டம் பார்ப்பதிலேயே நேரம் கரையும். உயரத்தை ஒரு திருகில் அடக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. அப்படிப்பட்ட போஸ்டுகள் கடையிலும் கிடைக்கும். ஆனால் லேத் தனக்கு வேண்டிய உறுப்பைத் தானே செய்துகொள்ளக்கூடிய இயந்திரம். அந்த வாய்ப்பை விட மனம் வரவில்லை.

ஷாஃப்ட் துண்டை முதலில் கடைந்தது காசிமேட்டுப் பட்டறை ஒன்றின் பெரிய லேத். ஸ்டெயின்லெஸ்ஸை மேலாக வருடினால் அது இறுகிக்கொண்டே போகும். துணிந்து ஆழமாக வெட்ட வேண்டும். சின்ன லேத்துக்கு அந்தத் தெம்பு இல்லை. அடியில் முழு விட்டத்தையும் பீடமாக விட்டுவிட்டு, மேலே 25 மி.மீ. தூணாக இறக்கிக் கொடுத்தார்கள். பீடமும் தூணும் ஒரே துண்டு. ஆட இடமே இல்லை.

அடுத்தது டூலைப் பிடிக்கும் கட்டை. திருவொற்றியூர் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெட்டி மிஞ்சிய கனமான எம்.எஸ். துண்டு அது. என் லேத்தின் ஃபோர் ஜா சக்கில் பிடித்து 25 மி.மீ. துளை குடைந்தேன். அளவு பார்க்க அந்தத் தூணே கேஜ். எண்ணெய் தொட்டு வைத்தால் கட்டை தன் எடையிலேயே மெல்ல வழுக்கி இறங்க வேண்டும், லொடலொடவென்று விழக்கூடாது. அதன் பிறகே பக்கவாட்டில் ஆக்ஸா பிளேடால் துளைவரை பிளவு போட்டு, குறுக்கே எட்டாம் நம்பர் போல்ட் ஒன்று. போல்ட்டை இறுக்கினால் பிளவு நெருங்கிக் கட்டை தூணைக் கவ்விக்கொள்ளும். பிளவை முதலிலேயே போட்டிருந்தால் குடையும்போது கட்டை விரிந்து துளை கோணியிருக்கும்.

டூல் உட்காரும் பள்ளத்தை வெட்டியதும் அதே லேத்தான். கட்டையைத் தூணில் மாட்டி, 5 மி.மீ. தூக்கி வைத்து இறுக்கினேன். 10 மி.மீ. எண்ட் மில்லைச் சக்கில் பிடித்து, கிராஸ் ஸ்லைடைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்த, பள்ளம் இழைத்ததுபோல் விழுந்தது. ஸ்லைடு போகும் நேர்கோடே பள்ளத்தின் நேர்கோடு. கடைசியாக உயரத் திருகு. அதன் அகல வாஷர் தூணின் தலையில் உட்காரும். கட்டை அந்தத் திருகில் தொங்கும். திருகினால் ஏறும், இறங்கும்.

மட்டம் பார்க்க ஒரு ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல் போதும். உருண்டைக் கம்பிக்கும் டூல் முனைக்கும் நடுவே அதை இலேசாகக் கவ்வ வையுங்கள். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் சென்டர் சரி. மேல்முனை நம்மை நோக்கிச் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது.

அந்தப் பள்ளத்தில் ஏறி உட்காரும் ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலுக்கும் நீண்ட பயணம் உண்டு. அமெரிக்காவின் டெய்லரும் வொயிட்டும் 1900 பாரிஸ் கண்காட்சியில் அதைக் காட்டியபோது, டூல் சிவக்கச் சிவக்க வெட்டுவதைப் பார்த்து உலகம் வியந்தது. 1873-ல் மதராஸில் தொடங்கிய அடிசன் கம்பெனி பின்னாளில் இந்த வகை டூல்களை இங்கேயே செய்தது. அவற்றைச் சாணை பிடிக்கும் கற்களைச் செய்யும் கார்போரண்டம் யுனிவர்சல் 1954-ல் பிறந்தது. அதன் ஆலை திருவொற்றியூரில் இருக்கிறது.

அதே திருவொற்றியூரில்தான் 1956-ல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை திறந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள்; பிறகு பாகங்களையே செய்தார்கள். 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த கம்பெனி, 1955-ல் அசோக் லேலண்டு ஆயிற்று. வந்ததைப் பூட்டுவதிலிருந்து நாமே செய்வது வரை இந்த மண் நடந்த தூரம் அது. நடத்திச் சென்றவர்கள் டர்னர்களும் ஃபிட்டர்களும். என்ஃபீல்டு 2013-ல் ஒரகடத்திலும், 2017-ல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகளைத் திறந்தது. தொழிலின் பாரம் தெற்கே நகர்ந்துவிட்டது. கைப்பழக்கம் இன்னும் இங்கே, சந்துப் பட்டறைகளில் இருக்கிறது. அதை யாராவது கேட்டு வாங்கிக்கொண்டால்தான் அது தங்கும்.

சின்ன லேத் வாங்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வேலையாக டூல் போஸ்ட் செய்யுங்கள். கடைவது, குடைவது, மரை போடுவது, பள்ளம் வெட்டுவது என்று லேத்தின் பாடம் முழுவதும் இந்த ஒரு பொருளில் இருக்கிறது. தடுமாறினால் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ அருகிலுள்ள பட்டறைக்குள் போய், அங்கிருக்கும் மூத்த டர்னரிடம் கேளுங்கள். கேட்பவருக்குச் சொல்லித்தர மறுக்காத ஊர் இது.