சியாட்டிலை விட்டுப் போன சோனிக்ஸ்

அமெரிக்காவில் ஒரு கூடைப்பந்து அணி என்பது ஊருக்குச் சொந்தமில்லை, முதலாளிக்குச் சொந்தம். அவர் நினைத்தால் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடலாம்! 41 சீசன்கள் ஆடிய ஊரை விட்டு அப்படிப் போன அணிதான் சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ்.

அணி தொடங்கியது 1967ல். சியாட்டிலில் இருந்த போயிங் நிறுவனத்துக்கு அப்போதுதான் ஒலியைவிட வேகமான பயணிகள் விமானம் செய்யும் அரசு ஒப்பந்தம் கிடைத்திருந்தது. அந்தப் பெருமையில் வைத்த பெயர் இது. 1971ல் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. விமானம் பறக்கவேயில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அதே 1971ல் இந்த அணியின் வீரர் ஒருவர் என்.பி.ஏ.வையே கோர்ட்டுக்கு இழுத்தார். ஸ்பென்சர் ஹேவுட். மிசிசிப்பியில் சிறுவயதில் பருத்தி பறித்தவர். பள்ளிப் படிப்பு முடிந்து நான்கு வருடம் ஆகாதவர்கள் என்.பி.ஏ.வில் ஆடக்கூடாது என்று அன்று விதி. குடும்பம் வறுமையில் இருக்கும்போது நான்கு வருடம் சும்மா இருக்க முடியுமா? வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், தீர்ப்பு ஹேவுட் பக்கம் வந்தது. பின்னாளில் கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் எல்லாம் பள்ளியிலிருந்து நேராக வந்தது அவர் திறந்த கதவு வழியாகத்தான். கோப்பைகளைவிட இதுதான் சோனிக்ஸ் செய்த பெரிய காரியம்.

கோப்பையும் உண்டு, ஒன்றே ஒன்று. 1978 இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் டென்னிஸ் ஜான்சன் 14 முறை கூடைக்கு எறிந்தார்; ஒன்றுகூட விழவில்லை. வாஷிங்டன் புல்லட்ஸ் ஜெயித்தது. அடுத்த வருடம் அதே புல்லட்ஸை 4-1 என்று வீழ்த்தியபோது இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் யார் தெரியுமா? அதே ஜான்சன்!

தொண்ணூறுகளில் கேரி பேட்டன், ஷான் கெம்ப் ஜோடி. பேட்டன் எதிராளியை ஒட்டிக்கொண்டே காவல் காப்பார், அதனால் பட்டப்பெயர் 'கையுறை'. கெம்ப் கல்லூரி அணி எதிலும் ஆடாமல் நேராக வந்தவர் (ஹேவுட்டுக்கு நன்றி). 1996ல் 64 ஆட்டங்களை வென்று இறுதிச்சுற்றுக்குப் போனார்கள். எதிரே 72 வென்ற மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ. பாவம், வேறு எந்த வருடமாவது போயிருக்கலாம். 4-2 என்று தோற்றார்கள்.

அப்புறம் பணக் கதை. 2001ல் அணியை வாங்கிய ஸ்டார்பக்ஸ் ஹோவர்ட் ஷுல்ட்ஸ், அரங்கைப் புதுப்பிக்க அரசுப் பணம் கேட்டார். கிடைக்கவில்லை. 2006ல் ஓக்லஹோமாக்காரர்களிடம் 35 கோடி டாலருக்கு விற்றுவிட்டார். ஓக்லஹோமாக்காரன் வாங்கினால் அணி எங்கே போகும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அரங்கக் குத்தகை 2010 வரை இருந்தது. நகராட்சி வழக்குப் போட்டது. கடைசியில் 2008 ஜூலையில் 4.5 கோடி டாலர் வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தது. பெயரும் பச்சை-மஞ்சள் நிறமும் மட்டும் சியாட்டிலிலேயே தங்கின. அணி ஓக்லஹோமா சிட்டி தண்டர் ஆகி, 2025ல் கோப்பையும் வென்றது.

சோனிக்ஸின் கடைசி நட்சத்திரம் கெவின் டுரான்ட், அங்கே ஆடியது ஒரே ஒரு சீசன். 2018 அக்டோபரில் கோல்டன் ஸ்டேட் வீரராக அதே அரங்குக்கு ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு வந்தார். அறிமுகத்தின்போது அவர் போட்டுக்கொண்டு வந்தது ஷான் கெம்ப்பின் பழைய சோனிக்ஸ் சட்டை. அரங்கமே எழுந்து நின்றது.