புனித ஜார்ஜ் கோட்டை

சென்னைத் துறைமுகத்தின் தெற்கே, கடலை நோக்கி நிற்கும் ஆங்கிலேயக் கோட்டை. இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய முதல் கோட்டை இதுவே. 1639-இல் கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே இந்த நிலத்துக்கு அனுமதி பெற்றார். அடுத்த ஆண்டு கட்டுமானம் தொடங்கியது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றி, 1749-இல் திருப்பித் தந்தனர்.

கம்பெனி இங்கு வந்ததே துணிக்காகத்தான். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் ஐரோப்பாவுக்கும், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போயின. இன்றைய கானாவின் கடலோரக் கோட்டைகளில் மனிதர்களை விலைக்கு வாங்க இந்தியத் துணியும் கொடுக்கப்பட்டது. நம் நெசவாளரின் உழைப்பு அந்தக் கொடுமைக்கும் விலையானது என்பதை இங்கு வருவோர் அறிய வேண்டும். எல்மினா உள்ளிட்ட கானாக் கோட்டைகள் 1979-இல் உலக மரபுச் சின்னங்களாயின; நம் கோட்டைக்கு அந்தத் தகுதி கிடைக்கவில்லை.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது, 1680-இல் திறக்கப்பட்ட புனித மேரி தேவாலயம். கம்பெனிப் படை அதிகாரி ராபர்ட் கிளைவின் திருமணம் 1753-இல் இங்குதான் நடந்தது. கோட்டை அருங்காட்சியகத்தில் தலைமை ஆளுநர் காரன்வாலிஸின் சிலையும், நாணயங்களும், ஆயுதங்களும், 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் பறந்த தேசியக் கொடியும் உள்ளன. அந்தக் கொடிக்காகவே ஒருமுறை போகலாம்.

தியாகராய நகரிலிருந்து வருவோர் மாம்பலத்தில் கடற்கரை ரயிலேறி, கோட்டை நிலையத்தில் இறங்கி நடக்கலாம். தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் வளாகத்துக்குள் இருப்பதால் நுழைவாயிலில் சோதனை உண்டு. அடையாள அட்டை அவசியம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.