ஒரு வெள்ளை கவுன், ஒரு பட்டுச் சேலை

திருத்தணிப் பக்கம் பொதட்டூர்பேட்டைத் தெருக்களில் நடந்தால் தறிச் சத்தம் கூடவே வரும். அந்த மாதிரி நெசவாளர் ஊரில் வளர்ந்தவங்களுக்கு இன்னைக்குப் பேசப்போற ரெண்டு படங்களும் சட்டுனு புரியும். ரெண்டுலயும் ஒரு அப்பா, ஒரு பொண்ணு, வாங்க முடியாத ஒரு துணி.

முதல்ல பிரிட்டன். 1960-இல் வந்த 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' படத்தின் ஹீரோ சைக்கிள் ஃபாக்டரியில் லேத் ஓட்டுறவன். முதலாளி மேல கோபம் இருக்கு, ஆனா பாக்கெட்ல சம்பளமும் இருக்கு. 1993-இல் கென் லோச் எடுத்த 'ரெயினிங் ஸ்டோன்ஸ்' வரும்போது அந்தச் சம்பளமே போயிடுச்சு. மான்செஸ்டர் பக்கத்துல வேலையில்லாத பாப், மகளோட முதல் நற்கருணைக்குப் புது வெள்ளை கவுன்தான் வேணும்னு நிக்கிறான். கடன் வாங்குறான். அந்தக் கடன் கைமாறி, கந்துவட்டிக்காரன் வீட்டுக்குள்ளயே வந்து மிரட்டுறான்.

ஊரைக் கவனிச்சீங்களா? மான்செஸ்டர்! 19-ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்து மில் துணிதான் நம்ம கைத்தறிக்காரங்க பிழைப்பில் கை வெச்சது. பிறகு அந்த மில்களும் மூடின.

இப்ப நம்ம பக்கம். பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்', 2007-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் சிறந்த படம். பிரகாஷ்ராஜுக்குச் சிறந்த நடிகர் விருது. அவர் நடிச்ச வேங்கடம் பட்டு நெய்யுறவன். ஆனா ஒரு பட்டுச் சேலை வாங்க அவன் கூலி பத்தாது. மகளைப் பட்டுடுத்திக் கல்யாணம் பண்ணித் தர்றேன்னு வாக்கு குடுத்துட்டான். அதனால தறிக்கூடத்திலிருந்து தினம் கொஞ்சம் பட்டு நூலை வாய்க்குள்ள ஒளிச்சு எடுத்துட்டு வந்து, வீட்டுல ரகசியமா நெய்யுறான்.

கதையோட உயிர் அடுத்த திருப்பத்துல இருக்கு. கூலிக்காக ஸ்ட்ரைக். முன்னாடி நிக்கிறவனே வேங்கடம்தான். தறி நின்னா நூல் கிடையாது, நூல் இல்லேன்னா சேலை முடியாது, கல்யாணம் நெருங்குது. வேலைக்குத் திரும்பலாம்னு அவனே கூட்டத்தில் பேசுறான். துரோகிதான். ஆனா அவனைத் திட்ட எனக்கு வாய் வரலை.

கிளைமாக்ஸ் சொல்லப்போறேன், பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திக்கலாம். லோச் தன் ஆளைக் காப்பாத்திடுறார்: கந்துவட்டிக்காரன் கார் விபத்தில் சாகிறான், ஃபாதர் கணக்குப் புத்தகத்தை எரிச்சிடுறார், பொண்ணு கவுன் போட்டுட்டு சர்ச்சுக்குப் போறா. எனக்கு அது கொஞ்சம் தாராளமாவே படுது. பிரியதர்ஷன் அந்தக் கருணையைக் காட்டலை. வேங்கடம் பிடிபட்டு ஜெயிலுக்குப் போறான். சேலை தறியிலேயே பாதியில் நின்னுடுது. கடைசியில் செத்துக் கிடக்கிற மகள் மேல அந்தப் பாதித் துணியைப் போர்த்தப் பார்க்கிறான். முகத்தை மூடினா கால் தெரியுது, காலை மூடினா முகம் தெரியுது.