வர்ணத்தில் கலந்த சாம்பல்

சில ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டன் சென்றிருந்தபோது, கொழும்பில் என்னோடு ஒரே ஆசிரியபீடத்தில் பணியாற்றிய மூத்த நண்பர் ஒருவரின் வீட்டில் இரண்டு நாட்கள் தங்கியிருந்தேன். அவரது துணைவியார் காலமாகி அப்போது ஓராண்டு கடந்திருந்தது. வரவேற்பறைச் சுவரில் காங்கேசன்துறைக் கடலும் வெளிச்சவீடும் தீட்டப்பட்ட ஓர் ஓவியம் மாட்டப்பட்டிருந்தது. அலைநுரை இருந்த இடம் மட்டும் சற்றே புடைத்து, மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பாக இருந்தது. தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். நண்பர் மெதுவாகச் சொன்னார்:

"பாத்துத் தொடு தம்பி. அவ அதுக்குள்ளை இருக்கிறா."

தகனத்தின் பின் கிடைத்த சாம்பலில் இரண்டு தேக்கரண்டியளவை வர்ணத்தில் கலந்து, ஆங்கிலேயப் பெண் ஓவியர் ஒருவர் அதைத் தீட்டியிருந்தார். அவர் காங்கேசன்துறையைக் கண்டவரல்லர். 1990 இல் இடம்பெயர்ந்த பின்னர் ஊர்மண்ணை மீண்டும் மிதிக்காமலே மறைந்துவிட்ட அந்த அம்மையாரிடம் எஞ்சியிருந்த பழைய புகைப்படம் ஒன்றே ஓவியருக்கு ஆதாரம்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை என்று எழுதினால் அது மிகையாகிவிடும். ஆனால் மனம் ஒப்பவில்லை என்பது உண்மை. நாடு திரும்பிய பின் இந்த வழக்கத்தின் பூர்வீகத்தைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

எலும்புச் சாம்பல் ஓவியருக்குப் புதிய பொருளன்று. இத்தாலியரான செனினோ செனினி 1400 ஆம் ஆண்டளவில் எழுதிய கைந்நூலிலேயே, கோழியின் எலும்பை வெண்மையாகும் வரை எரித்து அரைத்து, வரைபலகைக்குப் பூசும் முறை விளக்கப்பட்டுள்ளது. அது விலங்கின் எலும்பு. மனித உடலும் வர்ணமாயிற்று என்பதே நம்மைத் திடுக்கிட வைக்கும் செய்தி.

'மூமியா' என்பது முதலில் இயற்கையாகக் கிடைக்கும் நிலக்கீலுக்கு வழங்கிய பெயர். ஐரோப்பிய மருந்துக்கடைகளில் அது ஔடதமாக விற்பனையானது. எகிப்தியரின் பதப்படுத்திய உடல்கள் கறுத்திருந்ததால் அவற்றிலும் நிலக்கீல் உண்டென நம்பி, கல்லறைகளைத் தோண்டி உடல்களையே பொடியாக்கி விற்றார்கள். அந்தப் பொடி மருந்துக்கடையிலிருந்து ஓவியரின் தட்டுக்கு வந்து 'மம்மிப் பழுப்பு' என்ற நிறமாயிற்று. ஒளி ஊடுருவும் செழுமையான பழுப்பு அது. நிழல்களுக்கும் மனிதரின் மேனி நிறத்துக்கும் மிகவும் உகந்தது என்றார்கள். நோய்க்கு உண்டவர்கள் படத்துக்குப் பூசத் தயங்குவார்களா?

பலர் தாம் பூசுவது இன்னதென்று அறியாமலே பூசினார்கள். அவர்களுள் ஒருவர் பிரித்தானியாவின் புகழ்பெற்ற ஓவியர் எட்வேர்ட் பேர்ண்-ஜோன்ஸ். 1881 ஆம் ஆண்டளவில் இலண்டன் புல்ஹாமில் இருந்த அவரது இல்லத்துக்கு மதிய விருந்துக்கு வந்த ஓவியர் அல்மா-ரடேமா, வர்ண வியாபாரி ஒருவரின் பட்டறையில் அரைப்பதற்கு வைக்கப்பட்டிருந்த மம்மியைப் பார்க்க வருமாறு தன்னை அழைத்தது பற்றிப் பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். பெயர்தான் மம்மி, பொருள் வேறு என்று எண்ணியிருந்த பேர்ண்-ஜோன்ஸ் முதலில் நம்ப மறுத்தார். உண்மைதான் என்று தெரிந்ததும் எழுந்து ஓவியக்கூடத்துக்குப் போய், தம்மிடமிருந்த ஒரே வர்ணக் குழாயை எடுத்துவந்து, அதற்கு முறையான அடக்கம் செய்ய வேண்டும் என்றார். தோட்டத்துப் புற்றரையில் குழி தோண்டிப் புதைத்தார்கள். வீட்டுப் பிள்ளையொன்று அந்த இடத்தில் டெய்சிச் செடி நட்டது. அவரது மனைவி ஜோர்ஜியானா 1904 இல் வெளியிட்ட நினைவு நூலில் இது பதிவாகியுள்ளது. மருமகனான எழுத்தாளர் கிப்ளிங்கும் தன் சுயசரிதையில் இதைச் சொல்கிறார். ஊர் பேர் தெரியாத ஒருவருக்கு, சில ஆயிரம் ஆண்டுகள் தாமதித்து, ஒரு குழாயளவுக்கு நடந்த இறுதிக்கிரியை! அந்த நிறத்தைத் தயாரித்துவந்த இலண்டன் நிறுவனமொன்று, தன்னிடம் மம்மிகள் தீர்ந்துபோய்விட்டதாக 1964 இல் 'ரைம்' சஞ்சிகைக்குச் சொன்னதோடு அந்தக் கதை ஏறத்தாழ முடிந்தது.

இன்றைய சாம்பல் ஓவியத்துக்கு முதலில் தகனம் வேண்டும். மேற்கிலோ அது அண்மைக்கால வழக்கம். இறந்த தன் குழந்தையை எரிக்க முற்பட்ட வேல்ஸ் நாட்டு வைத்தியர் வில்லியம் பிரைஸின் வழக்கில், தகனம் சட்டவிரோதமன்று என்று 1884 இல் தீர்ப்பாயிற்று. மறுவருடம் வோகிங் தகனசாலையில் முதலாவது உடல் எரிக்கப்பட்டது. 1960களின் இறுதியில் பிரித்தானியாவில் தகனம் புதைப்பை விஞ்சிவிட்டது. அதன் பிறகே, வளர்ந்தவர் ஒருவருக்கு இரண்டு மூன்று கிலோ வரும் அந்தச் சாம்பலை என்ன செய்வது என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது.

எங்கள் தொழிலுக்கு நெருக்கமான ஓர் உதாரணம் உண்டு. மார்வெல் சித்திரக்கதை நிறுவனத்தின் ஆசிரியர் மார்க் குருன்வால்ட் 1996 இல் காலமானார். அவரது விருப்பப்படியே சாம்பலை அச்சு மையில் கலந்து, அவர் எழுதிய 'ஸ்குவாட்ரன் சுப்ரீம்' தொகுப்பை 1997 இல் அச்சிட்டார்கள். ஈயமும் மையும் கையில் ஒட்ட வளர்ந்தவன் நான். இதைப் படித்தபோது சற்றுப் பொறாமைப்பட்டேன்.

நியூயோர்க்கில் வாழும் ஜேர்மனியக் கலைஞர் ஹைடே ஹட்ரி இன்னும் ஒருபடி மேலே சென்றார். 2008 இல் நெருங்கிய நண்பர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்ட துயரில் தொடங்கி, தன் தந்தை உட்படப் பலரின் முகங்களை அவரவர் சாம்பலாலேயே ஆக்கினார். தேன்மெழுகின் மேல் சாம்பல் துணுக்குகளைப் பதித்து, கருமைக்குக் கரித்தூளும் வெண்மைக்குச் சலவைக்கல் தூளும் சேர்ப்பது அவரது முறை. சாதாரண நினைவோவியங்களில் இவ்வளவு உழைப்பு இல்லை. சாம்பல் என்பது பெரும்பாலும் அரைக்கப்பட்ட எலும்பின் கல்சியம் பொசுபேற்று. அது நிறம் தருவதைவிடச் சொரசொரப்பையே தருகிறது. நண்பரின் ஓவியர் அதைச் சலித்து அலைநுரைக்கு மட்டும் பயன்படுத்தியது அதனாற்றான்.

நண்பரின் மைத்துனி யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசியில் அழுதாராம். காடாத்தின்போது சேர்த்த சாம்பலை ஒரு துளியும் மிச்சமின்றிக் கீரிமலையில் கரைப்பதும், அந்தியேட்டியோடு ஆன்மாவை அனுப்பிவைப்பதும் எங்கள் வழக்கம். ஆளைப் பிரித்து வைத்துவிட்டு வழியனுப்புவது எப்படி என்று கேட்டாராம். விநோதம் என்னவென்றால், 2016 இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தலும் இதையே சொல்கிறது: சாம்பலைப் பங்கிடக்கூடாது, நினைவுப்பொருட்களாகவும் ஆக்கக்கூடாது. 2023 இல் மாத்திரம், மிகச் சிறிய பகுதியை அன்னாருக்கு முக்கியமான இடமொன்றில் வைக்கலாம் என்று சற்று இளகினார்கள்.

நான் மைத்துனியின் பக்கமே நின்றேன். நண்பரோடு வாதிட்டும் இருக்கிறேன். ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தை நினைக்கும்போது அந்த வாதம் என் வாயில் நிற்பதில்லை. புகைப்படத்தை நெஞ்சோடு அணைத்தபடி இருக்கும் அந்தத் தாய்மாருக்குக் கரைக்கவும் சாம்பல் இல்லை, கலக்கவும் இல்லை. இரண்டு கரண்டியை வைத்துக்கொண்ட ஒருவரிடம் நான் எதைக் கேட்பது?

மீதிச் சாம்பலை நண்பர் கீரிமலைக்குக் கொண்டுவந்து கரைத்தபோது நானும் உடனிருந்தேன். திரும்பும் வழியில், உங்களுக்குப் பிறகு அந்தப் படம் என்னவாகும் அண்ணை என்று கேட்டேன். மகளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாராம்: சுவரில் இடமில்லாத நாள் வந்தால் விற்கவும் வேண்டாம், எவருக்கும் கொடுக்கவும் வேண்டாம், சட்டத்தைக் கழற்றிவிட்டுத் துணியை இங்கே கொண்டுவந்து கடலில் விட்டுவிடு என்று.