பெற்றவர்களின் பட்டியல்

செப்டம்பர் 8, மாதா பிறந்தநாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து நாங்கள் அன்று கோணாங்குப்பம் பெரியநாயகி மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவது வழக்கம். அன்றைய நற்செய்தி மத்தேயு முதல் அதிகாரம். ஆபிரகாமில் தொடங்கி யோசேப்பில் முடியும் தலைமுறை வரிசை. மரியாளின் பிறந்தநாளில் அவள் கணவனின் முன்னோரை வாசிக்கிறோம் என்பது எனக்கு உறைக்கவே பல வருடங்கள் ஆயின.

மரியாளின் பெற்றோர் பெயர் நான்கு நற்செய்திகளிலும் இல்லை. சுவக்கீன், அன்னா என்ற பெயர்கள் விவிலியத்தில் சேர்க்கப்படாத ஒரு இரண்டாம் நூற்றாண்டு நூலிலிருந்து வந்தவை. லூக்கா தரும் வரிசை வேறு. அங்கே யோசேப்பின் தந்தை யாக்கோபு அல்ல, ஏலி. அது மரியாளின் வம்சம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஆனால் அதில் மரியாள் பெயரும் இல்லை, வேறெந்தப் பெண்ணின் பெயரும் இல்லை.

மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் ஆண்கள் 'பெற்றெடுக்கும்' வினைச்சொல் 39 முறை வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அதை 'பெற்றான்' என்றே சொல்கிறது. பத்து மாதம் சுமந்தவள் யார் என்று தமிழ்க் காது உடனே கேட்கும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'இன்னாரின் மகன் இன்னார்' என்று மாற்றி அந்த உறுத்தலைக் குறைத்துவிட்டது.

இந்த வரிசைக்குள் மரியாளுக்கு முன் நான்கு பெண்கள் வருகிறார்கள். தனக்குரிய நியாயத்தை மாமனார் யூதா மறுத்ததால், முக்காடிட்டு அவனிடமே பிள்ளை பெற்ற விதவை தாமார். எரிகோவின் விலைமகள் இராகாபு. மோவாபிலிருந்து வந்த விதவை ரூத்து. நான்காமவள் பத்சேபா. அவளுக்குப் பெயர் இல்லை, 'உரியாவின் மனைவி' மட்டும்தான். நாலாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஜெரோம், இவர்களைப் பாவிகள் என்றார். ஆனால் தாமாரை எரிக்கச் சொன்ன யூதாவும், உரியாவைக் கொல்வித்த தாவீதும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். 1987இல் ஜேன் ஷேபர்க் என்ற பெண்ணிய ஆய்வாளர், ஆணாதிக்கத்தால் அநீதிக்கு ஆளான பெண்களாக இவர்களை வாசித்தார். அப்படிப் பார்த்தால் 'உரியாவின் மனைவி' என்ற சொல் இருபக்கமும் வெட்டுகிறது. அவள் பெயரை மறைக்கிறது, அரசனின் குற்றத்தை மறைக்க விடாமலும் செய்கிறது.

ஆனால் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது கடைசி வரி. 39 முறை வந்த வினை யோசேப்பிடம் வந்ததும் அறுந்துபோகிறது. யோசேப்பு பெறவில்லை. மரியாளிடமிருந்து இயேசு பிறந்தார் என்று வாக்கியமே திரும்பிக்கொள்கிறது. இத்தனை தலைமுறை ரத்தத்தை எண்ணிவிட்டு, தான் பெறாத பிள்ளையை ஏற்றுக்கொண்ட ஒருவன் வழியாகத்தான் இயேசு தாவீதின் மகனாகிறார். கோணாங்குப்பம் கோயிலைக் கட்டிய வீரமாமுனிவரின் தேம்பாவணிக்கு, 3615 பாடல்கள் கொண்ட காப்பியத்துக்கு, அந்த யோசேப்புதான் தலைவன். 'வளன்' என்று அவருக்குத் தமிழ்ப் பெயரே சூட்டினார்.

எங்கள் வீட்டிலும் ஒரு வரிசை உண்டு. பெரியப்பாவின் பச்சை அட்டை நோட்டில் ஏழு தலைமுறை ஆண்கள். அப்பாயி, தாத்தாவைக் கட்டிக்கொள்ளும்போது முதல் கணவரை இழந்தவர், இடுப்பில் ஒரு பெண் குழந்தை. அந்த அத்தை பதினாலு வயதில் விருத்தாசலத்தில் செராமிக் பொம்மை வேலைக்குப் போனார். களிமண் வார்த்து, சூளைச் சூட்டில் நின்று சம்பாதித்துத்தான் என் அப்பாவைப் படிக்க வைத்தார். நோட்டில் அவர் இல்லை.

"அது நம்ம ரத்தம் இல்ல பாப்பா" என்றார் பெரியப்பா.

"யோசேப்புக்கும் இயேசு ரத்தம் இல்லையே பெரியப்பா" என்றேன்.

"அது சாமி விஷயம்" என்று நோட்டை மூடிவிட்டார்.

சாமி விஷயம் என்று அதை வீட்டுக்கு வெளியே வைத்துவிடலாமா? ஏற்றுக்கொண்ட ஆணுக்குக் காப்பியமும் கோயிலும் கிடைக்கின்றன. சுமந்த பெண்ணுக்கு ஒரு வரிகூட இல்லை. வம்ச வரிசை என்பது நடந்ததன் பதிவு மட்டுமல்ல. சொத்தில், கல்லறையில், ஜெபத்தில் யாரை நினைக்க வேண்டும் என்ற தீர்ப்பும் அதுதான். அந்தத் தீர்ப்பை எழுதியவர்கள் ஆண்கள்.

அத்தையிடம் கேட்டேன். புத்தகத்தில் எல்லாம் தன் பெயரைப் போட வேண்டாம், நோட்டில் எழுது, போதும் என்றார். போன கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது நோட்டை வாங்கி, அப்பாயி பெயரையும் அதன் கீழே முதல் பிள்ளையாக அத்தையின் பெயரையும் பேனாவால் எழுதினேன். பெரியப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கவில்லை.